கிரெடிட் கார்டும் எண்ணெய்க் காசும்

கேள்வி: வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு அமெரிக்கர், கிரெடிட் கார்டில் 9,000 டாலர் எடுத்து, மகனோடு சேர்ந்து ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனலைத் தொடங்கினாராம். எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் வந்தது. நம் இளைஞர்களுக்கு மட்டும் ஏன் இந்தத் துணிச்சல் வருவதில்லை?
- ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: செய்தி பொய்யில்லை. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. மீதியையும் கேட்டுவிட்டு நம் பிள்ளைகளைத் திட்டுங்கள்.

1978 மே மாதம். நியூ இங்கிலாந்து வேலர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியில் செய்தித் தொடர்பு வேலை பார்த்துவந்த பில் ராஸ்முசனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கு 45 வயது, மகன் ஸ்காட்டுக்கு 22. இன்ஷூரன்ஸ் துறையிலிருந்து எட் ஈகன் என்பவரும் கூட்டுச் சேர்ந்தார். இவர்கள் முதலில் நினைத்தது சின்ன விஷயம்: கனெக்டிகட் மாநிலத்துக் கல்லூரி ஆட்டங்களையும் வேலர்ஸ் ஆட்டங்களையும் அந்த மாநிலத்துக் கேபிள் வீடுகளுக்குக் காட்டுவது. நம் ஊர் லோக்கல் சேனல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்சிஏ நிறுவனத்தின் சாட்காம் 1 செயற்கைக்கோளில் இடம் கேட்கப் போனபோதுதான் கதை திரும்பியது. ராத்திரிக்கு 5 மணி நேரம் என்று சில்லறையாக எடுப்பதைவிட 24 மணி நேரத்தையும் மொத்தமாக எடுப்பது மலிவு. மாதம் 34,167 டாலர். மூட்டையாக எடுத்தால் விலை குறையும் என்று அரிசிக் கடைக்காரர் சொல்வாரே, அதே கணக்கு. சரி, மூட்டை கிடைத்துவிட்டது, எதைப் போட்டு நிரப்புவது? ஆகஸ்ட் 16 அன்று அப்பாவும் மகனும் காரில் போகிறார்கள். வாட்டர்பரி அருகே போக்குவரத்து நெரிசல். வண்டி நகரவில்லை, பேச்சு மட்டும் சூடேறுகிறது. ஒரு கட்டத்தில் மகன் எரிச்சலாகி, நாள் பூரா ஃபுட்பாலையே போட்டுக்கொள், எனக்கென்ன என்கிற மாதிரி கத்தினாராம். இருபத்து நான்கு மணி நேர விளையாட்டுச் சேனல் என்ற யோசனை அந்த நெரிசலில் பிறந்தது.

இதுவரைக்கும் உங்கள் வாட்ஸ்ஆப் நண்பருக்கும் தெரியும். இப்போது ஒரு வகுத்தல் கணக்கு போடுங்கள். மாதம் 34,167 டாலர் வாடகை என்றால் கிரெடிட் கார்டில் எடுத்த 9,000 டாலர் எத்தனை நாள் தாங்கும்? எட்டு நாள்கூட முழுசாக வராது.

முதலீடு கேட்டுப் போன இடங்களில் பலர் கையை விரித்தார்கள். கே.எஸ். ஸ்வீட் என்ற முதலீட்டு நிறுவனம் இடைக்காலத்துக்குப் பணம் தந்து தாங்கிப் பிடித்தது. கடைசியில் 1979-இல் ஒரு கோடி டாலரை எடுத்து வைத்தது கெட்டி ஆயில். ஆமாம், பெட்ரோல் கம்பெனிதான். அங்கே எண்ணெய் அல்லாத தொழில்களைக் கவனித்துக்கொண்டிருந்த துணைத் தலைவர் ஸ்டூவர்ட் எவிக்கு விளையாட்டுப் பித்து. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தத் தாராளம் அவரிடம் இருந்தது. பதிலுக்கு நிறுவனத்தின் 85 சதவீதம் கெட்டிக்குப் போனது. பட்வைசர் பீர் தயாரிக்கும் ஆன்ஹைசர்-புஷ் 13.8 லட்சம் டாலருக்கு விளம்பர ஒப்பந்தம் போட்டது. அதுவரை கேபிளில் யாரும் அவ்வளவு பெரிய தொகைக்கு விளம்பரம் கொடுத்ததில்லை.

1979 செப்டம்பர் 7, இரவு 7 மணி. கனெக்டிகட்டில் பிரிஸ்டல் என்ற சிறு நகரில் கட்டி முடிக்காத கட்டடம், சுற்றிலும் சேறு. சுமார் 14 லட்சம் வீடுகளுக்கு ஒளிபரப்பு போகிறது. முதல் ராத்திரி காட்டிய ஆட்டம் என்ன தெரியுமா? ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பால். மெதுவாகப் பந்து வீச, பெரிய பெரிய ஆசாமிகள் ஓங்கி அடிக்கும் ஆட்டம். ஓர் அணியின் பெயர் கென்டக்கி போர்பன்ஸ், இன்னொன்று மில்வாக்கி ஷ்லிட்ஸ். ஷ்லிட்ஸ் என்பது பட்வைசருக்குப் போட்டியான பீர். விளம்பரத்துக்கு 13.8 லட்சம் கொடுத்த முதலாளி டிவியைப் போட்டால், எதிராளியின் பெயரை நெஞ்சில் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்! அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

ராஸ்முசன் என்ன ஆனார்? எவி, என்பிசி என்ற பெரிய டிவி நிறுவனத்தில் விளையாட்டுப் பிரிவின் தலைவராக இருந்த செட் சிம்மன்ஸை அழைத்துவந்து தலைமை நாற்காலியில் உட்கார வைத்தார். தொடங்கியவர் ஓரமானார், பிறகு வெளியேறினார். 85 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு நாற்காலியைக் கேட்க முடியாது. 1984-இல் கெட்டியை டெக்ஸகோ என்ற இன்னொரு எண்ணெய்க் கம்பெனி விழுங்கியது. விளையாட்டுச் சேனலை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? ஏபிசி என்ற டிவி நிறுவனம் 20 கோடி டாலர் சொச்சத்துக்கு வாங்கிக்கொண்டது.

இன்னொன்று. பாதை போட்டவர் ராஸ்முசன் இல்லை. 1972 நவம்பரில் சார்லஸ் டோலன் தொடங்கிய எச்பிஓ என்ற கட்டணக் கேபிள் சேனல், வில்க்ஸ்-பாரி என்ற ஊரில் 365 சந்தாதாரர்களுக்கு முதல் ராத்திரியே ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைக் காட்டிவிட்டது. 1975-இல் மணிலாவில் நடந்த அலி - ஃப்ரேசியர் குத்துச்சண்டையைச் செயற்கைக்கோள் வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அதுதான். கேபிள்காரர்கள் டிஷ் வாங்கி மாட்டத் தொடங்கியது அதற்கப்புறம்தான். அந்த டிஷ்கள் இல்லையென்றால் ராஸ்முசன் எடுத்த மூட்டையை இறக்க இடமே கிடையாது. 1977-இல் கே கோப்லோவிட்ஸ் என்ற பெண், நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்து ஆட்டங்களை வைத்து ஒரு விளையாட்டுச் சேனலையே தொடங்கிவிட்டார். பிறகு அது யுஎஸ்ஏ நெட்வொர்க் ஆனது. மாணவியாக இருந்தபோது அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் பேச்சைக் கேட்டுத்தான் அவருக்குச் செயற்கைக்கோள் பைத்தியம் பிடித்ததாம். நம் பக்கத்து இலங்கையில் குடியிருந்தாரே, அதே கிளார்க். கோப்லோவிட்ஸ் பற்றி வாட்ஸ்ஆப்பில் ஒன்றும் வரவில்லையா? வராது. அவர் வேலையை இழக்கவில்லை, கிரெடிட் கார்டையும் தேய்க்கவில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஆரம்பத்தில் ஈஎஸ்பிஎன்தான் கேபிள்காரர்களுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தது, தன்னைக் காட்டச் சொல்லி. எண்பதுகளில் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள்: ஒரு வீட்டுக்கு மாதம் இத்தனை சென்ட் என்று கேபிள்காரர் சேனலுக்குக் கொடுக்க வேண்டும். சண்டை வந்தது. ஆனால் விளையாட்டை நிறுத்தினால் சந்தாதாரர் சட்டையைப் பிடிப்பாரே, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்கள். அந்த சில்லறை சென்டுகள் வளர்ந்து சமீப ஆண்டுகளில் 9 டாலரைத் தாண்டின. ஆட்டம் பார்க்கிற வீடும் கொடுக்க வேண்டும், பார்க்காத வீடும் கொடுக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு சீரியல் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனாலும் மாதாமாதம் பேக்கேஜில் கிரிக்கெட் சேனலுக்கும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருந்தார். பில்லைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இது யாரு பாக்குறாங்க?" என்று என்னைக் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் ரிமோட்டைத் தேடினேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். துணிச்சல் நம் பிள்ளைகளிடமும் இருக்கிறது. கிரெடிட் கார்டும் வேண்டிய மட்டும் இருக்கிறது, வட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களைக் கேளுங்கள். குழுவில் அந்தப் பதிவைப் போட்டவரிடம் ஸ்டூவர்ட் எவி யார் என்று ஒரு தடவை விசாரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.