"அடிச்சாங்க"ன்னு மட்டும் சொல்ற ஆம்பளைங்க

கேள்வி: அக்கா, எங்க வீட்டு மாடி போர்ஷன்ல இருக்கற அண்ணன் ஈழத்துக்காரர், 2009ல போர் முடிஞ்ச சமயம் ஆர்மி கஸ்டடில இருந்தவர். போன வாரம் ராத்திரி கரண்ட் போயி மொட்டைமாடில உக்காந்திருந்தப்போ "அடிச்சதோட நிக்கேல்லை தம்பி"ன்னு சொன்னார், அதுக்கப்புறம் வாயே திறக்கல. ஆம்பளைக்கும் அந்த மாதிரி நடக்குமா? அவர்கிட்ட எப்படி பேசறது?
- வாசகர், வளசரவாக்கம்

பதில்: நடக்கும் தம்பி, நடந்திருக்கு. 2015 செப்டம்பர்ல ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கை பத்தி வெளியிட்ட விசாரணை அறிக்கையிலேயே, பாதுகாப்புப் படை கஸ்டடில பொம்பளைங்களுக்கு மட்டுமில்ல ஆம்பளைங்களுக்கும் பாலியல் வன்முறை நடந்ததுன்னு இருக்கு, அதுவும் போர் முடிஞ்ச பிறகும். போஸ்னியா போர்ல, 1992ல ஓமார்ஸ்காங்கற சிறை முகாம்ல கைதிகளை வெச்சே இன்னொரு கைதியோட பிறப்புறுப்பை சிதைக்க வெச்சாங்க, அங்க நடந்த போர்க்குற்றங்களை விசாரிச்ச ஐ.நா.வோட யூகோஸ்லாவியா தீர்ப்பாயம் 1997ல தீர்ப்பு சொன்ன, டாடிச்ங்கற ஆள் மேல நடந்த வழக்குல இது வந்தது.

"போர்னா சிப்பாய்ங்க ஆசையை அடக்க முடியாம பண்றது"ன்னு நம்ம ஊர்ல ஈசியா சொல்லிடுவாங்க, எனக்கு இதைக் கேட்டா ரொம்ப கோவம் வரும். வருஷக்கணக்கா சண்டை போட்டும் இந்தக் கொடுமை ரொம்ப அபூர்வமா இருந்த படைகளும் உண்டு, மேல இருக்கறவன் விடலன்னா கீழ இருக்கறவன் பண்றதில்ல. ஆசைன்னா அப்பா அண்ணன் கண்ணு முன்னாடி ஏன் பொண்ணை இழுக்கணும், அந்த அப்பாவுக்கு 'உன்னால காப்பாத்த முடியல, நீ என்ன ஆம்பள'ன்னு சொல்லத்தான். அதையே அந்த ஆளோட உடம்புலயே பண்ணா அவன் ஜென்மத்துக்கும் வெளிய சொல்ல மாட்டான்னு பண்றவனுக்கு நல்லாத் தெரியும், ஏன்னா ஆம்பள அழக்கூடாது ஆம்பளைய யாரும் எதுவும் பண்ண முடியாதுன்னு நாமதான சின்ன வயசுலேந்து சொல்லிக் குடுத்திருக்கோம்.

அதனால அவர் "அடிச்சாங்க"ன்னு சொல்லுவார், டாக்டரும் சித்திரவதைன்னு எழுதுவார், விஷயம் அதுக்குள்ளயே மூடிப்போயிடும். ஐ.நா. பாதுகாப்பு சபையே 2008ல 1820ன்னு தீர்மானம் போட்டப்போ பொம்பளைங்க, சிறுமிகள்னுதான் பேர் சொன்னாங்க, ஆம்பளைங்க பசங்கன்னு வெளிப்படையா வந்தது 2013ல 2106வது தீர்மானத்துலதான். இலங்கை சட்டத்துல 365ஏன்னு ஒரு பிரிவு, ஆம்பளையும் ஆம்பளையும் சேர்ந்தாலே குற்றம், அப்போ பாதிக்கப்பட்டவன் தன் மேலயே கேஸ் திரும்பிடுமோன்னு பயப்படுவான்ல? இங்க மட்டும் என்ன, நம்ம புது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல 63வது பிரிவுப்படி பாலியல் பலாத்காரம்னா பாதிக்கப்பட்டது பொம்பளையாத்தான் இருக்கணும், ஆம்பளைங்க புகார் குடுக்க இருந்த பழைய 377வது பிரிவும் 2024 ஜூலைலேந்து இல்ல.

இப்போ நீங்க பண்ண வேண்டியது. என்ன பண்ணாங்க எத்தனை பேருன்னு தோண்டாதீங்க. அவரா ஆரம்பிச்சா "நான் நம்பறேண்ணா, உங்க மேல எந்த தப்பும் இல்ல"ன்னு சொல்லுங்க, அவர் சொன்னது வீட்டுல யாருக்கும், உங்க அம்மாவுக்குக் கூட, போகக்கூடாது. சில பேருக்கு அந்த சமயத்துல உடம்பு தன்னால ரெஸ்பாண்ட் பண்ணியிருக்கும், அதை நினைச்சே செத்துட்டிருப்பாங்க, அது பயத்துல இதயம் படபடக்கற மாதிரி உடம்போட வேலை, சம்மதம் இல்ல. யூரின் போறதுல வலி, பழைய காயம் ஏதாவது இருந்தா ஜிஹெச்ல யூராலஜி ஓபிக்கு நான் கூட வரட்டுமாண்ணான்னு கேளுங்க. தூக்கம் வராத ராத்திரிக்கு 14416, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர், எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. அந்த நம்பரை அவர் கைல நேரா குடுக்க சங்கடமா இருந்தா மெசேஜ்ல அனுப்பிட்டு, வழக்கம்போல சாயங்காலம் டீ குடிக்க கூப்பிடுங்க.