சேர்வரைத் தெரிவு செய்வது யாருடைய வேலை?

கேள்வி: பழைய மடிக்கணினி ஒன்றில் நிறுவுவதற்காக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதள மென்பொருளைத் தரவிறக்க முயன்றேன். கோப்பு ஏறக்குறைய 3 ஜிகாபைட். தரவிறக்கப் பக்கத்தில் நாடுகள், பல்கலைக்கழகங்கள், நிறுவனங்கள் என்று, கோப்பை வழங்கும் சேர்வர்களின் நீண்ட பட்டியல் இருந்தது. கிட்ட இருப்பது இந்தியாதானே என்று அங்குள்ள ஒன்றைத் தெரிவு செய்தேன். இரவு முழுவதும் ஓடிவிட்டுப் பாதியில் நின்றது. மறுநாள் சிங்கப்பூரில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. எது நல்லதென்று என்னைப் போன்றவர்கள் எப்படி அறிவது? முன்பின் அறியாத சேர்வரை நம்பவும் முடியுமா?
— வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பட்டியலைப் பார்த்து அறிய வழியே இல்லை. அங்கே காண்பவை ‘மிரர்’ எனப்படும் பிரதிச் சேர்வர்கள். உலகெங்கும் சொந்தமாகச் சேர்வர் வைக்கப் பணமில்லாத இலவச மென்பொருள் திட்டங்களுக்காக, பல்கலைக்கழகங்களும் இணைய நிறுவனங்களும் அதே கோப்புகளைத் தம்மிடம் வைத்து இலவசமாகப் பகிர்கின்றன. நம் நாட்டில் ‘லேர்ன்’ எனப்படும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பும் இப்பணியைச் செய்கிறது.

நீங்கள் வரைபடத்தைப் பார்த்துத் தெரிவு செய்தீர்கள். தரவோ கடலடி வடங்களின் வழியே போகிறது. மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 வடம் இந்தியாவைத் தொடாமலே சிங்கப்பூரை அடைகிறது. உங்கள் இணைய நிறுவனம் எந்த நகரில் யாருடன் தரவைப் பரிமாறுகிறது என்பதைப் பொறுத்து, சென்னையிலிருந்து வர வேண்டிய கோப்பு சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டு கொழும்புக்கு வருவதும் உண்டு. போதாததற்கு, அந்தச் சேர்வரில் அந்நேரம் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் வாசகரிடம் கேட்பதே தவறு என்பது என் கருத்து. விஎல்சி என்ற வீடியோ இயக்கியை வெளியிடும் வீடியோலான் அமைப்பின் பக்கத்தில் ஒரே பொத்தான்தான். பின்னால் இயங்கும் ‘மிரர்பிட்ஸ்’ என்ற மென்பொருள், உங்கள் இணைய முகவரியிலிருந்து இருப்பிடத்தை ஊகித்து, உயிரோடு இருக்கும், கோப்பும் உள்ள சேர்வருக்கு உங்களை அனுப்பிவிடுகிறது. இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் இணைப்பைப் பயன்படுத்துவோரிடம் இந்த ஊகம் பிழைக்கும் என்பதால், பட்டியலை அடியோடு நீக்காமல் ‘வேறு இடம் தெரிக’ என்ற சிறிய இணைப்பின் பின்னே வைப்பது நல்லது. அங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் போடாமல், நகரத்தையும் அப்போதைய வேகத்தையும் காட்ட வேண்டும்.

அதுவரை உங்களுக்கு எளிய வழி, அதே பக்கத்தில் உள்ள டொரன்ட் இணைப்பு. அது பலரிடமிருந்து துண்டு துண்டாக வாங்குவதால் சேர்வரைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை. இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரவு நேர டேட்டாவை நம்பியிருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

நம்பிக்கை பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் இணையத்தளத்துக்குள்ளேயே ஊடுருவியவர்கள், தரவிறக்க இணைப்பைத் தீய நிரலிட்ட பிரதிக்குத் திருப்பிவிட்டார்கள். ஆகவே சேர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பது இதற்கு விடையாகாது. கோப்பை இறக்கியதும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ஷா-256 என்ற 64 எழுத்துச் சரிபார்ப்பு எண்ணை உங்கள் கணினியில் கணித்து, திட்டத்தார் வெளியிட்டுள்ள எண்ணுடன் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அதை நிறுவாதீர்கள். தளமே களவாடப்பட்டால் அந்த எண்ணையும் மாற்றலாம் என்பதால், அதை வெளியிட்டவர்கள் திட்டத்தார்தான் என்று காட்ட அதனுடன் வரும் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்ப்பதே முழுமையான சோதனை. அது சற்றுச் சிரமமானது. இந்தச் சோதனையையும் மென்பொருளே செய்யும்படி அமைக்க வேண்டியவர்கள் திட்டத்தார்தான்.