களப்பயிற்சிக்கு வந்த மாணவரை எப்படி வழிநடத்துவது?

கேள்வி: தென்னிந்தியத் திருச்சபையில் சேகர குருவாக, அதாவது பல ஊர்ச் சபைகளுக்குப் பொறுப்பான போதகராக இருக்கிறேன். இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் பட்டம்) படிக்கும் தம்பி ஒருவர் இரண்டு மாதக் களப்பயிற்சிக்கு வந்திருக்கிறார். ஐந்து ஊர்ச் சபைகளுக்கு நடுவே அவரைக் கவனிக்க நேரமில்லை. பிரசங்கம் நீளம் என்று கமிட்டியில் குறை சொல்கிறார்கள். கடைசியில் கல்லூரிக்கு அறிக்கையும் எழுத வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள ஐயா, ஐந்து ஊர் சேகரத்தின் அலைச்சல் எனக்கும் தெரியும். இருந்தாலும் வாரத்தில் ஒரு மணி நேரத்தை அவருக்கென்று ஒதுக்குங்கள். செவ்வாய் சாயங்காலம் என்றால் எல்லாச் செவ்வாயும். பைக்கில் போகும்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால், அவர் உங்களுக்கு ஒத்தாசையாக இருந்துவிட்டு ஊர் திரும்புவார், அவ்வளவுதான்.

அந்த வாரத்து வீடு சந்திப்புகளில் ஒன்றை, அவர்கள் சொன்னது, இவர் சொன்னது என்று வரிவரியாக நினைவிலிருந்து எழுதி வரச் சொல்லுங்கள். பெயரும் ஊரும் வேண்டாம். 1925இல் அமெரிக்காவின் உஸ்டர் நகர மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர், இறையியல் மாணவர்களை நோயாளிகளோடு பழகவிட்டுப் பயிற்சி கொடுத்தார். அவரே முன்பு மனநோயாளியாக மருத்துவமனையில் கிடந்தவர். புத்தகத்தைப் படிக்கிற அக்கறையோடு மனிதரையும் படிக்க வேண்டும் என்றார். பேசியதை அப்படியே எழுதிப் பார்க்கும் முறையைப் பின்னால் பாஸ்டனில் ரஸல் டிக்ஸ் வளர்த்தெடுத்தார். சேகரத்துக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

என்னிடம் வந்த ஒரு தம்பி, மகனை விபத்தில் பறிகொடுத்த தாயைப் பார்த்துவிட்டு எழுதி வந்தார். "இன்னைக்கு அவனுக்குப் பொறந்த நாளு தம்பி" என்று அந்த அம்மா சொன்ன வரிக்குக் கீழே, "ஜெபம் பண்ணலாமாம்மா?" என்று இருந்தது. தப்பு என்று நான் சொல்லவில்லை. "இந்த இடத்துல ஏன் ஜெபத்துக்குப் போனீங்க?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அவங்க அழுதுருவாங்களோன்னு பயந்துட்டேன் ஐயா" என்றார். அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் போனார். அந்த அம்மா மகனுடைய பள்ளிக்கூடப் போட்டோக்களை எடுத்துக் காட்டினாராம். அன்று எழுதி வந்ததில் தம்பி பேசிய வரிகள் நாலைந்துதான் இருந்தன. வாசிக்கையில் என் கண் கலங்கிவிட்டது.

நாம் அறிவுரையை ஆரம்பித்தால் "சரிங்க ஐயா" என்று கேட்டுக்கொள்வார். அறிக்கை எழுதப் போகிறவரை எந்த மாணவர் மறுத்துப் பேசுவார்? அதனால் முதல் செவ்வாய், ஊழியத்தில் நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லி ஆரம்பியுங்கள். அதன்பிறகுதான் அவர் வாய் திறப்பார்.

பிரசங்கக் குறையைக் கமிட்டிக்காரர்கள் நேரே அவரிடம் கொட்ட விடாதீர்கள், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்த கையோடு கோயில் வாசலில் நிற்கவைத்துத் திருத்துவதும் வேண்டாம். வெள்ளிக்கிழமையே குறிப்பை வாங்கிப் பார்த்து, "கடைசி பெஞ்சுப் பாட்டி இதுல எந்த ஒரு வரிய வீட்டுக்குக் கொண்டுபோவாங்க?" என்று கேளுங்கள். அந்த வரி கிடைத்துவிட்டால் எதை வெட்டலாம் என்பது அவருக்கே தெரியும்.

பஸ் செலவை அவர் கேட்கும்படி வைக்காமல் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை பெண் மாணவர் வந்தால் ஓய்வுநாள் பள்ளியோடு நிறுத்திவிட வேண்டாம். பிரசங்க பீடமும் துக்க வீடும் அவருக்கும் வேண்டும். சந்திப்புகளுக்குச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் துணைக்குப் போகட்டும்.

அறிக்கையைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நாலாவது வாரமே ஒரு வரைவு எழுதி அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள், திருத்திக்கொள்ள இன்னும் ஒரு மாதம் இருக்கும். "பணிவுள்ளவர், நல்லவர்" என்று எழுதினால் கல்லூரிக்கு ஒன்றும் விளங்காது. "துக்க வீட்டில் அவசரப்படாமல் கேட்கப் பழகியிருக்கிறார், பிரசங்கத்தைச் சுருக்க இன்னும் உதவி தேவை" என்று எழுதுங்கள்.