குடும்பமே சேர்ந்து விளையாட எந்த கேம் கன்சோல் வாங்குவது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் பாரிஸிலிருந்து வருகிறது. கொழுந்தனார் குடும்பமும் வருகிறது. ஆறு வயது முதல் பதிமூன்று வரை மொத்தம் ஐந்து பிள்ளைகள். ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு மூலைக்கொருவராக உட்காராமல், டிவி முன்னால் எல்லோரும் சேர்ந்து விளையாட ஒரு கேம் கன்சோல் வாங்கலாம் என்றிருக்கிறோம். மாமியாரும் சேர்ந்துகொண்டால் சந்தோஷம். கணவர் பிளேஸ்டேஷன் 5 வாங்கலாம் என்கிறார். பாண்டியில் தெரிந்தவர் ஒருவர் நின்டெண்டோ ஸ்விட்ச் தருவதாகச் சொல்கிறார். நூறு கேம் ஏற்றியே தருவாராம். பாண்டி என்பதால் வரி கிடையாது, பில் எதற்கு என்கிறார். கையில் அறுபதாயிரம் இருக்கிறது. எதை வாங்குவது?"

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு ஸ்விட்ச்தான் சரி. ஆனால் அந்தத் தெரிந்தவரிடம் வாங்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் எனக்கு நிறைய இருக்கிறது. பதினைந்து வருடமாகப் பாண்டியில் இந்த மெஷின்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறேன். என் மேஜைக்கு வருவதில் பாதி, வாங்கும்போதே தவறிப்போனவை.

கன்சோல் கேட்டு வருகிறவர்கள் எத்தனை ஜிபி, 4கே வருமா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கூட்டமாக விளையாடும் வீட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் கையில் கன்ட்ரோலர் இருக்கும்? அதுவரை கன்ட்ரோலரையே தொடாத ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் பிடிபடுமா? இந்த இரண்டும்தான் கேள்வி.

பிளேஸ்டேஷன் 5 பெட்டியில் ஒரு கன்ட்ரோலர்தான் இருக்கும். கூடுதலாக வாங்கும் ஒவ்வொன்றும் ஆறாயிரம் ரூபாய் அளவில் வரும். நான்கு பேர் விளையாட இன்னும் மூன்று வேண்டும், அதற்கே பதினெட்டாயிரம். பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 54,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 44,990. உங்கள் அறுபதாயிரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இன்னும் ஒரு கேம்கூட வாங்கவில்லை. அது போக, அந்தக் கன்ட்ரோலரில் இரண்டு கட்டை விரலுக்கும் ஒவ்வொரு ஸ்டிக், ஆள்காட்டி விரல்களுக்கு அடியில் நான்கு பட்டன். பதிமூன்று வயதுப் பையன் பத்து நிமிடத்தில் பழகிவிடுவான். மாமியார் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஸ்விட்சின் இரு பக்கத்திலும் ஜாய்கான் என்று சின்னதாக இரண்டு துண்டு கழன்று வரும். ஒவ்வொன்றையும் படுக்கைவசமாகப் பிடித்தால் தனித்தனி கன்ட்ரோலர். ஆக, பெட்டியைப் பிரித்ததுமே இரண்டு பேர் விளையாடலாம். இன்னொரு ஜோடி வாங்கினால் நான்கு பேர். கையை வீசினாலே அதற்குப் புரியும் என்பது அடுத்த வசதி. முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக்கு மெஷினை மாட்டிக் கொடுக்கப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பாட்டிக்கு எழுபது வயது இருக்கும். ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் என்ற கேமில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் போட்டுக் கொடுத்தோம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார், வளையல்களை மேலே தள்ளிவிட்டுக் கையில் ஜாய்கானின் பட்டியை மாட்டிக்கொண்டார், கையை வீசினார். முதல் பந்து ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவதில் பத்து கட்டையும் சாய்ந்தது. அதற்கப்புறம் பிள்ளைகள் தங்கள் முறைக்குப் பாட்டியிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. அந்தப் பட்டி மட்டும் கட்டாயம். அது இல்லாமல் வீசிய கன்ட்ரோலர் கை நழுவிப் போய் டிவி திரை உடைந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் ஒன்றும் வாங்கிவிடுங்கள். ஒரே திரையை நான்காகப் பிரித்து நான்கு பேர் வண்டி ஓட்டலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு வண்டி சாலையை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் வசதி அதிலேயே இருக்கிறது.

சரி, அந்தத் தெரிந்தவருக்கு வருகிறேன்.

பாண்டியில் வரி இல்லை என்பது பழைய நினைப்பு. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்துவிட்டது. ஒரு கன்சோலுக்குப் பாண்டி நெல்லித்தோப்பிலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் ஒரே வரிதான். பெட்ரோல், டீசல், மது மூன்றும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பதால் அவற்றின் விலை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அதைப் பார்த்துப் பழகிய நம் ஜனங்கள் எல்லாச் சாமானும் பாண்டியில் மலிவு என்று பஸ் ஏறி வந்துவிடுகிறார்கள். பில் இல்லாமல் விற்பவர் உங்களுக்கு வரியை மிச்சப்படுத்தவில்லை. நாளைக்கு எதையும் கேட்க முடியாதபடி உங்கள் கையிலிருக்க வேண்டிய ஒரே அத்தாட்சியைப் பிடுங்கிக்கொள்கிறார்.

நூறு கேம் ஏற்றியது என்றால், உள்ளே சிப் வைத்தோ வேறு வழியிலோ பூட்டை உடைத்து, காசு கொடுக்காத கேம்களைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம். அதை விடுங்கள், உங்களுக்கு என்ன ஆகும் என்று மட்டும் சொல்கிறேன். அந்த மெஷின் இன்டர்நெட்டில் இணைந்ததும் நின்டெண்டோவுக்குத் தெரிந்துவிடலாம். தெரிந்தால் அந்தக் கருவியையே தங்கள் சேவையிலிருந்து தடை செய்துவிடுவார்கள். பிறகு நீங்கள் காசு கொடுத்து ஆன்லைனில் கேம் வாங்க நினைத்தாலும் முடியாது. அந்த நூறு கேமும் ஒரு மெமரி கார்டில் இருக்கும். போன மழைக்காலத்தில் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கார்டு செத்துவிட்டது, எல்லா கேமும் போய்விட்டது. மூடியைத் திறந்தால் சிப்பை ஒட்டிய இடத்தில் ஈயம் உருண்டை உருண்டையாகச் சிந்திக் கிடந்தது. விற்றவரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. அந்த வீட்டுப் பையன் என் கடை வாசலில் நின்றுகொண்டே இருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

உங்கள் கணவருக்காக இன்னொன்று. பிளேஸ்டேஷனுக்குப் பெரிய கேமெல்லாம் ஐந்நூறு ரூபாய்க்குத் தருகிறோம் என்று போனில் விளம்பரம் வரும். அவர்கள் தருவது கேம் இல்லை. தங்கள் கணக்கின் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும். அதையே இன்னும் பத்துப் பேருக்கு விற்றிருப்பார்கள். ஒருநாள் பாஸ்வேர்டை மாற்றினால் அத்தோடு சரி. பிறகு, 'பத்தாயிரம் கேம்' என்று டிவியில் செருகும் குச்சி ஒன்று இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு வருகிறது. நம் காலத்து கேசட் கேம்களையே பெயர் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். பக்கமே போகாதீர்கள்.

இவ்வளவு இடைத்தரகர்கள் முளைத்ததற்கு மூல காரணம் ஸ்விட்சைச் செய்யும் நின்டெண்டோ கம்பெனிதான். 2017 மார்ச்சில் ஸ்விட்ச் வந்தது, 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தது. இரண்டையும் இந்தியாவில் நேரடியாக விற்பனைக்கு விடவில்லை. கோடிக்கணக்கான பிள்ளைகள் இருக்கும் நாட்டில் குடும்பத்துக்கென்றே செய்த ஒரு மெஷினை விற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அதனால் கடைகளில் இருப்பதெல்லாம் யாரோ இறக்குமதி செய்தவை. கடைக்காரர் தருவது அவருடைய சொந்த வாரண்டி. வெளிநாட்டிலிருந்து வந்ததை வாங்காதீர்கள் என்று மற்ற சாமான்களுக்கு நான் சுலபமாகச் சொல்லிவிடுவேன். இதில் சொல்ல முடியாமல் செய்துவிட்டார்கள்.

ஆனால் உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, உங்கள் நாத்தனார். பாண்டிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு பாரிஸில் ஓர் ஆள் இருப்பது பெரிய சௌகரியம். இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், அப்படியே அவருக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே பெயருள்ள கடையில் பில்லோடு வாங்கச் சொல்லுங்கள். டிவியோடு இணைக்கும் டாக் உள்ள சாதாரண ஸ்விட்ச் அல்லது ஓஎல்இடி மாடல் போதும். ஸ்விட்ச் லைட் வேண்டாம். அது மலிவு, ஆனால் டிவியில் இணையாது, ஜாய்கானும் கழலாது. இங்கேயும் அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் தலையில் கட்டுகிறார்கள். ஸ்விட்ச் 2 அங்கே வந்தபோது 469.99 யூரோ. நம் காசுக்கு அதுவே ஐம்பதாயிரத்தை நெருங்கும், உங்கள் தேவைக்கு அது அதிகம். ஒருவேளை அதையே வாங்குவதானாலும் பிரான்சில் விற்பதையே வாங்கட்டும். ஜப்பானில் மட்டும் விற்கும் மலிவு மாடல் ஒன்று உண்டு. மெனு முழுக்க ஜப்பானிய மொழிதான், ஜப்பான் கணக்கு மட்டும்தான் ஏற்கும். அதைச் சென்னை வழியாகக் கொண்டுவந்து இங்கே பேசாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கியதும் நாத்தனார் பெட்டியைப் பிரித்து அங்கேயே ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும். புதுசாகவே கொண்டுவர வேண்டும் என்று பிரிக்காமல் எடுத்துவருவதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு. பிரான்சில் சட்டப்படி இரண்டு வருடப் பொறுப்பு விற்ற கடைக்கு உண்டு. அது அங்கே இருக்கும்வரைதான் பயன், மீனம்பாக்கத்தில் இறங்கியபின் யாரிடமும் கேட்க முடியாது. செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குள் ஸ்டிக்கைச் சரிபார்க்கும் திரை ஒன்று இருக்கிறது. கையை எடுத்தபின் குறி நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். தானாக ஒரு பக்கம் நகர்ந்தால் அந்த ஜாய்கான் சரியில்லை, மாற்றிக்கொள்ளலாம். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும், நம் கரண்ட்டுக்கு ஒத்துவரும். பிளக் மட்டும் உருண்டை முனை, நம் சாக்கெட்டில் லூசாக நின்று பொறி பறக்கும். நல்ல அடாப்டர் ஒன்று போடுங்கள். கேம் கார்டு எந்த நாட்டில் வாங்கியதானாலும் ஓடும், மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் கைப்பையில் எடுத்துவருவதுதான் நல்லது. பில்லும் கூடவே இருக்கட்டும், சுங்கத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடலாம்.

நாத்தனாருக்குத் தோதுப்படாவிட்டால், இங்கேயே நிலையான முகவரி உள்ள கடையில் வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுத வேண்டும். பெட்டியில் உள்ள நம்பரும் மெஷினின் அடியில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கடை வாரண்டி எத்தனை மாதம் என்பதையும் கடை முத்திரையோடு எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

கணவர் ஆசையிலும் தப்பில்லை. பிளேஸ்டேஷன் 5 நல்ல மெஷின், இங்கேயே பில்லும் ஒரு வருட வாரண்டியும் கிடைக்கும். அதை பாரிஸிலிருந்து வரவழைக்காதீர்கள், அந்த வாரண்டி இங்கே செல்லாது. எப்போது வாங்கினாலும் டிஸ்க் போடும் மாடலை வாங்குங்கள், கேமை விளையாடி முடித்ததும் மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். கேம் பெட்டியின் பின்னால் ஒரே வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு எண்ணும், நெட்டில் எத்தனை பேர் என்று இன்னொரு எண்ணும் தனித்தனியாக இருக்கும். முதல் எண்தான் உங்களுக்கு வேண்டியது. மல்ட்டிபிளேயர் என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் இரண்டாவதைக் காட்டி விற்றுவிடுவார். சாக்பாய், ஓவர்குக்ட் இரண்டும் நான்கு பேருக்கானவை. இட் டேக்ஸ் டூ அருமையான கேம், ஆனால் இரண்டே பேர். இன்னொரு கன்ட்ரோலர் வேண்டும் என்றால் பிஎஸ்4 கன்ட்ரோலரை மலிவாகத் தருவார்கள். அது பிஎஸ்5 கேம்களுக்கு வேலை செய்யாது.

உப்புக்காற்றுக்கு ஒரே ஒரு வார்த்தை. விளையாடாதபோது பருத்தித் துணி போட்டு மூடுங்கள், ஓடும்போது எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வேர்த்துச் செம்பெல்லாம் பச்சை பூத்துவிடும்.

நாத்தனாரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். கூடவே இரண்டாவது ஜாய்கான் ஜோடியும் வாங்கிவரச் சொல்லுங்கள். ஐந்து பிள்ளைகளும் மாமியாரும் இருக்கும் வீட்டில் முதல் நாள் சண்டையே அதற்காகத்தான் வரும்.