ஜப்பானிய பாப்டெயில் பூனை வளர்க்கலாமா? வால் இல்லாதது ஊனமா?

பிறவியிலேயே குட்டை வாலுள்ள ஜப்பானிய பாப்டெயில் பூனையை வாங்க நினைப்பதாகவும், "ஊனமான பூனையையா காசு கொடுத்து வாங்குவாய்" என்று வீட்டில் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் எட்டு வருடமாக நாகசாகியில் இருக்கிறோம். மலைச்சரிவில் வீடுகள், வீட்டுக்கு வீடு படிக்கட்டு, படிக்கட்டு முழுக்கப் பூனைகள். அவற்றில் பெரும்பாலானவற்றின் வால் குட்டையாகவோ மடங்கியோதான் இருக்கும். டச்சுக் கப்பல்களில் எலி பிடிக்க ஏற்றி வந்த தென்கிழக்காசியப் பூனைகளின் வழி வந்தவை என்று இங்கே சொல்கிறார்கள். மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவிலும் பூனைகளுக்குப் பாதி வால்தான், நுனியில் முடிச்சு போல இருக்கும் என்று டார்வின் 1868-லேயே எழுதியிருக்கிறார்.

எங்கள் பொட்டுவும் அப்படி ஒரு படிக்கட்டில் கிடைத்தவள்தான். வெள்ளை உடம்பில் கறுப்பும் செம்பழுப்புமாகத் திட்டுகள். இந்த மூன்று நிறச் சேர்க்கையை இங்கே 'மீகே' என்பார்கள். 'சான்றிதழ் இல்லாத தெருப் பூனையை பாப்டெயில் என்கிறாயே' என்று கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். 1968-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்த் தனி இனமாக வளர்த்தது ஜப்பானின் சாதாரண வீட்டுப் பூனைகளைத்தான். அதனால் என் அனுபவம் உங்களுக்குப் பயன்படும் என்றே நம்புகிறேன்.

அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்தபோது பொட்டுவைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஏட்டி, எந்தப் பாவி இது வால வெட்டுனான்?" அம்மாவை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மனுஷன் கை வைத்தது அவள் இடது காதில் மட்டும்தான். கருத்தடை செய்த தெருப் பூனை என்பதற்கு அடையாளமாகக் காது நுனியில் செர்ரிப் பூ இதழ் மாதிரி வெட்டுவார்கள். பெண்ணுக்கு இடது, ஆணுக்கு வலது. வால் பிறவியிலேயே அப்படித்தான்.

அந்த வாலைத் தொட்டுப் பார்த்தால்தான் புரியும். வெளியே பார்க்க முயல் வால் மாதிரி ஒரு உருண்டை முடி. உள்ளே விரலளவு எலும்பு, இரண்டு இடத்தில் வளைந்து, திருகு போல விறைப்பாக இருக்கும். வந்த வாரம், எங்கோ மாட்டிப் பிசகியிருக்கிறது என்று நினைத்து, நான் அதை நீவி நேராக்கப் பார்த்தேன். பொட்டு வீறிட்டுக் கத்தி என் கட்டைவிரலைக் கடித்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் போனவள், மறுநாள் வரை வெளியே வரவில்லை. அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்: எலும்புகள் அந்த வளைவிலேயே ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. நிமிர்த்த முடியாது, நிமிர்த்தவும் கூடாது. அதனால் முதல் பராமரிப்பு இதுதான்: வாலை இழுக்காதீர்கள், குழந்தைகளையும் இழுக்க விடாதீர்கள்.

முதுகெலும்புக் கோளாறு வரும் என்று உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் மான்க்ஸ் பூனையை நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அது இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் இருக்கும் மேன் தீவின் வால் இல்லாத பூனை. அதன் மரபணு வேறு. இரு பெற்றோரிடமிருந்தும் அது வந்துவிட்டால் குட்டி கருவிலேயே இறந்துவிடும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலும் சில குட்டிகளுக்குத் தண்டுவடம் பாதிக்கிறது. ஆசியப் பூனைகளின் குட்டை வாலுக்குக் காரணம் ஹெச்இஎஸ்7 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். பாப்டெயிலையும் பாப்டெயிலையும் சேர்த்தால் குட்டை வால் குட்டிகள் நலமாகவே பிறக்கின்றன.

மற்றபடி பராமரிப்பு எளிது. குட்டை முடி, வாரம் ஒருமுறை சீவினால் போதும். ஆனால் தனிமை ஆகாது. பொட்டு நாள் முழுக்கப் பேசுவாள். கூப்பிட்டால் இழுத்து இழுத்துப் பாடுகிற மாதிரி பதில் வரும். சுருட்டிய காலுறையைத் தூக்கிப் போட்டால் கவ்விக்கொண்டு வந்து காலடியில் வைப்பாள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடென்றால் இரண்டு பூனையாக வளர்ப்பதே நல்லது.

வீடு என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருடம் வீடு மாற்றத் தேடியபோது ஐந்து இடத்தில் பூனை கூடாது என்றார்கள். ஒரு தரகர் போனில் என் பெயரைக் கேட்டதுமே, பூனை விஷயத்துக்கே வராமல், வெளிநாட்டவருக்கு இல்லை என்றார். இத்தனை வருடம் வரி கட்டி, அக்கம்பக்கத்தார் முறை வைத்துக் கழுவும் பகுதிக் குப்பைக் கூண்டுக்குக்கூட என் முறையில் ஒரு தடவை தவறாதவள் நான். கடைசியில் கிடைத்த வீட்டுக்கும் பூனைக்காக ஒரு மாத வாடகை கூடுதல் முன்பணம். கொடுத்தோம். அவளை விட்டுவிட்டு வர முடியுமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விற்பவர் பாப்டெயில் என்று சொன்னாலும் தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள். குட்டியைத் தரையில் விட்டு நடையைப் பாருங்கள். பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தத்தித் தத்திப் போனாலோ, பின்பக்கம் எப்போதும் ஈரமாக இருந்தாலோ, மான்க்ஸுக்கு வரும் அந்தக் கோளாறாக இருக்கலாம். நாலு மாதத்துக்குள் அது பெரும்பாலும் தெரிந்துவிடும், அதுவரை பொறுத்து வாங்குங்கள். வால் நுனியில் முடி முளைக்காத தழும்பு இருந்தால் அது வெட்டுப்பட்ட வாலாக இருக்கலாம்.