சட்டையில் கேமரா இருக்கிறது, பதிவு பத்திரமாக இருக்கிறதா?

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு மீனவச் சகோதரர் எழுதியிருக்கிறார்: "பதினோரு நாளைக்கு முன்னால் எங்கள் இறங்குதளத்தில் ராத்திரி சோதனைக்கு வந்த போலீசுக்கும் என் தங்கை மகனுக்கும் வாய்த்தகராறு. எஸ்.ஐ. துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டார். நல்லவேளை, சுடவில்லை. இப்போது பையன்தான் அடிக்கப் பாய்ந்தான் என்று வழக்கு. 'எல்லாம் சட்டை கேமராவில் இருக்கு' என்கிறார்கள். அதை நாங்கள் பார்க்க முடியுமா? எஸ்.பி.பட்டினத்தில் நடந்ததை அறிந்தவர்கள் நாங்கள். நாளைக்கு யாரையாவது சுட்டுவிட்டு போலீஸ் ஒன்று சொன்னால், கேமராவை நம்பலாமா?"

பார்க்க வழி இருக்கிறது. ஆனால் "பதிவைக் கொடுங்கள்" என்று கேட்பதற்கு முன்னால் "பதிவை அழிக்காதீர்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பலரும் முதலாவதைக் கேட்டு மாதக்கணக்கில் அலைகிறார்கள். அதற்குள் பதிவே போய்விடுகிறது.

எஸ்.பி.பட்டினத்தை நீங்களே சொன்னதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 2014 அக்டோபரில் அந்தக் காவல் நிலையத்துக்குள் ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தியால் குத்த வந்தார், தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார் எஸ்.ஐ. 2022-ல் ராமநாதபுரம் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. எட்டு வருடம்! அதே 2014 அக்டோபரில் அமெரிக்காவின் சிகாகோவில் 17 வயதுப் பையனை ஒரு போலீஸ்காரர் 16 முறை சுட்டார். அங்கேயும் கத்திக் கதைதான்; பாய்ந்து வந்தான் என்றார்கள். ரோந்து காரின் கேமராவில் பையன் விலகி நடந்துபோவது தெரிந்தது. ஆனால் நீதிபதி உத்தரவு போட்ட பிறகுதான், 13 மாதம் கழித்து, அந்தக் காட்சி வெளியே வந்தது. அதிலும் ஒலி இல்லை. காட்சி இருந்தும் அத்தனை நாள் அதிகாரியின் சொல்தான் செல்லுபடியானது. கேமரா வைத்திருப்பவரும் அந்தச் சொல்லைச் சொல்பவரும் ஒரே துறையாக இருக்கும்வரை மக்களுக்குச் சந்தேகம் தீராது. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. வாஷிங்டன் நகரில் 2,000-க்கும் மேற்பட்ட போலீசாரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2017-ல் முடிவு வந்தது. கேமரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும், பலப்பிரயோகத்திலோ அவர்கள் மேல் வந்த புகார்களிலோ குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

கருவியைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மார்பில் மாட்டிய கேமரா, மார்பு திரும்பிய பக்கத்தைத்தான் பார்க்கும். இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டினால் அந்தக் கைகளே படத்தை மறைத்துவிடும். அகலக் கோண லென்ஸ் என்பதால் பக்கத்தில் நிற்பவர் தள்ளி நிற்பதுபோல் தெரிவார். பெரும்பாலும் பட்டனை அழுத்தினால்தான் பதிவாகும். பல மாடல்களில் அழுத்துவதற்கு முந்தைய சில விநாடிகளும், வழக்கமாக 30 விநாடி, சேர்ந்து பதிவாகும். அந்தப் பகுதியில் பெரும்பாலும் ஒலி இருக்காது. அதனால் "யார் முதலில் என்ன சொன்னார்" என்ற கேள்விக்கு வீடியோவில் பதில் கிடைக்காமலே போகலாம்.

சில வருடங்களுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கில் பென் டிரைவில் வந்த பதிவு மொத்தம் நாலு நிமிடம். தொடங்கும்போதே என் கட்சிக்காரர் கீழே கிடக்கிறார், ஒரு செருப்பு மட்டும் தள்ளிக் கிடக்கிறது. ஓரத்தில் ஓடும் கடிகாரமோ எஃப்.ஐ.ஆர். நேரத்துக்கு 50 நிமிடம் முந்தி ஓடுகிறது. அந்தச் செருப்பு எப்படிக் கழன்றது என்று இன்றுவரை எந்தப் பதிவும் சொல்லவில்லை. கேமரா பொய் சொல்லவில்லை, பாதியிலிருந்து பேச ஆரம்பித்தது. அந்த முன்பாதி எங்கே என்று முதல் வாரத்திலேயே கேட்காதது என் தவறு. அன்றிலிருந்து எந்த வழக்கிலும் 'பதிவை அழிக்காதீர்கள்' என்ற கடிதத்தைத்தான் முதலில் எழுதுகிறேன்.

கடிதம் மாவட்ட எஸ்.பி.க்கு, நகல் உங்கள் எல்லை மாஜிஸ்திரேட்டுக்கு. நாள், இடம், நேரம் சொல்லி, அன்று அங்கே வந்த ஒவ்வொருவருடைய பாடி கேமராவிலும் உள்ள முழுப் பதிவையும், வெட்டாமல், அது பதிவான கருவியோடும் சர்வரோடும் பாதுகாக்கச் சொல்லுங்கள். ஸ்டேஷன் சிசிடிவி, பொது நாட்குறிப்பு, ஒயர்லெஸ் பதிவு, துப்பாக்கி வழங்கிய பதிவேடு ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்டேஷன் சிசிடிவி பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அந்த உத்தரவு ஸ்டேஷன் கேமராக்களைப் பற்றியது. சட்டை கேமராவுக்கு அதை அப்படியே காட்ட முடியாது. கடிதம் அவசியம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். சாத்தான்குளத்தை மறந்துவிடாதீர்கள். 2020 ஜூனில் தந்தையும் மகனும் அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டு, பிறகு இறந்துபோனார்களே, அந்த ஸ்டேஷனில் கேமரா இருந்தது, ஹார்டு டிஸ்க்கில் இடமும் இருந்தது. பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழியும்படி அமைத்திருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார்.

அடுத்தது நகல். போலீஸ் அந்தப் பதிவைச் சாட்சியமாக வைத்தால் குற்றப்பத்திரிகையோடு உங்களுக்கும் நகல் வர வேண்டும். அவ்வளவு பெருமையாகச் சொன்ன பதிவை அவர்கள் சாட்சியத்தில் சேர்க்காமல் விட்டால் உஷாராகுங்கள். வக்கீல் மூலம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 94-வது பிரிவின் கீழ் அதை வரவழைக்க மனு போடலாம். தகவல் உரிமைச் சட்டத்திலும் (ஆர்.டி.ஐ.) கேட்டுப் பார்க்கலாம். விசாரணை கெட்டுவிடும் என்று 8(1)(h) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம்; ஆனாலும் 'பதிவு எங்களிடம் இருக்கிறது' என்று அந்தப் பதிலில் எழுத்தில் வந்துவிட்டால் அதுவே உதவும்.

சுட்டு ஒருவர் இறந்தே போனால், கேமராவுக்கு முன்னால் உடலைக் கவனியுங்கள். குண்டு முன்பக்கம் பாய்ந்ததா, முதுகில் பாய்ந்ததா, எவ்வளவு கிட்டத்தில் சுட்டது என்பதையெல்லாம் காயம் சொல்லும். 2014-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் குழுவோதான் விசாரிக்க வேண்டும். இரண்டு டாக்டர்கள் கூறாய்வு செய்ய வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் இதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. ஊர்த் தலைவரோ சங்கத்து ஆளோ இந்த விதிகளை எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

அன்று ராத்திரி யாராவது போனில் எடுத்திருந்தால் அதை வெட்டவோ, பாட்டுச் சேர்க்கவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கும், எடுத்த நேர விவரமும் கழன்றுவிடும். மூலக் கோப்பு இருக்கும் போனை அப்படியே எடுத்து வையுங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் கொடுக்க அந்தப் போன்தான் வேண்டும்.

பதினோரு நாள் ஆகிவிட்டது. கடிதத்தை இன்று ராத்திரியே எழுதி, நாளைக் காலை முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் போய், எஸ்.பி. அலுவலகத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.