வாசகர் கேள்வி பதில்: தகர்க்கப்பட்ட ஐ.என்.ஏ. நினைவுச்சின்னம்

கேள்வி: சிங்கப்பூர் போகிறோம். ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) வீரர்களுக்கு நேதாஜி எழுப்பிய நினைவுச்சின்னம் எங்கே இருக்கிறது?
– வாசகி, காரைக்குடி

பதில்: சின்னம் இப்போது இல்லை. இருந்த இடத்தைப் பார்க்கலாம். நகர மண்டபம் எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி, பாடாங் மைதானத்தைத் தாண்டி கானாட் டிரைவுக்கு வாருங்கள். சாலைக்கு அப்பால் இருப்பது எஸ்பிளனேட் பூங்கா. அங்கே உயரமாக நிற்கும் செனோடாஃப் என்ற போர் நினைவுச்சின்னத்தைப் படமெடுத்துக்கொண்டு, பார்த்துவிட்டோம் என்று திரும்புகிறவர்கள் உண்டு. அது முதல் உலகப்போரில் மாண்டவர்களுக்காக 1922இல் பிரிட்டிஷ் ஆட்சி திறந்தது. நீங்கள் தேட வேண்டியது, 1995இல் தேசிய மரபுடைமைக் கழகம் வைத்த விவரப் பலகை. சிறியது, கவனிக்காவிட்டால் தவறிவிடும். வழியில் பாடாங்கையும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்: 1943 ஜூலை 5 அன்று நேதாஜி ஐ.என்.ஏ. அணிவகுப்பைப் பார்வையிட்ட மைதானம் அதுதான்.

கேள்வி: போர்தான் முடிந்துவிட்டதே, இறந்தவர்களின் சின்னத்தை ஏன் இடித்தார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நேதாஜி அடிக்கல் நாட்டியது 1945 ஜூலை 8. கட்டும் பொறுப்பு ஐ.என்.ஏ. அதிகாரி கர்னல் ஸ்ட்ரேசியிடம். அப்போது சிங்கப்பூரைப் பிடித்து வைத்திருந்த, ஐ.என்.ஏ.வுக்குத் துணைநின்ற ஜப்பான் ஆகஸ்ட் நடுவில் பணிந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை திரும்பிய கையோடு, தென்கிழக்கு ஆசிய நேச நாட்டுப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டன் உத்தரவின்பேரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சின்னம் நின்றது சில வாரங்கள்தான். ஐ.என்.ஏ.வின் முதல் அணியினர் 1942இல் சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினர்; அரசருக்குச் செய்த சத்தியத்தை மீறியவர்கள் என்பது பிரிட்டிஷ் கணக்கு. அவர்களுக்கு நகர நடுவே மரியாதை நின்றால், திரும்பி வந்த ஆட்சியின் கீழிருந்த இந்தியச் சிப்பாய்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையும் இருந்திருக்கும். மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்களோ எந்தச் சத்தியமும் செய்தவர்கள் அல்லர். அந்த வாதம் அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. கல்லை இடித்ததால் பேச்சு அடங்கவுமில்லை. நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மீது வழக்கு தொடங்கியதும் நாடே கொதித்தது. 1946 ஜனவரியில் அவர்களின் ஆயுள் தண்டனையை ரத்து செய்யவேண்டி வந்தது.

கேள்வி: அதன் வடிவத்தை வேறெங்காவது காணலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மணிப்பூரின் மொய்ராங்கில் அதன் மாதிரி உண்டு, அருங்காட்சியகமும் அங்கேயே. 1944 ஏப்ரல் 14இல் ஐ.என்.ஏ. கொடியேற்றிய ஊர் அது. இம்பாலிலிருந்து தெற்கே சுமார் 45 கி.மீ. வெளிமாநிலத்தவருக்கு 2020 முதல் இன்னர் லைன் பெர்மிட் என்ற நுழைவு அனுமதி தேவை, புறப்படுமுன் எடுத்துவிடுங்கள்.